செகண்ட் ஹேண்ட் ஸ்பிளெண்டர் பிளஸ்: மீட்டரை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள்

பழைய பைக் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்வி: "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?", "மைலேஜ் எவ்வளவு தரும்?" இரண்டுக்கும் விற்பவர் சொல்லும் பதிலை வைத்து விலை பேசுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஓடிய தூரத்தை வண்டியின் தேய்மானத்திலிருந்து நாமே படித்துவிடலாம். மைலேஜை அளக்க ஒழுங்கான வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த ஊர் கன்சல்டிங்குக்குப் போனாலும் வரிசையாக நிற்கும் ஸ்பிளெண்டர் பிளஸ்ஸை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் 1994-ல் வந்தது, ஸ்பிளெண்டர் பிளஸ் 2004-ல். 2011-ல் ஹோண்டா பிரிந்த பிறகும் அதே 97.2 சிசி இன்ஜின்தான் ஹீரோ மோட்டோகார்ப் பெயரில் தொடர்கிறது. செகண்ட் ஹேண்டில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். 2017 ஏப்ரலுக்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகள். அதற்குப் பிறகு 2020 வரை வந்த பிஎஸ்-4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) கார்புரேட்டர் வண்டிகள். ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதை வைத்து இவற்றை அடையாளம் காணலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்-6, அதாவது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்.

எங்கள் தேர்வு நடுவில் உள்ளது, 2017 முதல் 2020 வரையிலான பிஎஸ்-4. எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் கை வைக்கக்கூடிய கார்புரேட்டர், இன்னும் ஐந்தாறு வருடமாவது மிச்சமிருக்கும் ஆர்சி, எங்கும் கிடைக்கும் ஸ்பேர். 2019-ல் வந்தவற்றில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பும் உண்டு. குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஆள் ஏற்றிக்கொண்டு பைபாஸில் 70-க்கு மேல் போகிறவருக்கு இந்த பிரேக் போதாது. நான்கு கியர் என்பதால் அந்த வேகத்துக்கு மேல் அதிர்வும் கூடும். 2017-க்கு முந்தைய வண்டிகளில் ஐடிலில் ஹெட்லைட் மங்கும். இரவில் ஊர்ப்புறச் சாலையில் ஓட்டுபவர் இதை யோசிக்க வேண்டும். தினமும் 60, 70 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு 125 சிசி வண்டியே நல்லது.

மீட்டர் என்ன சொல்லும், எதைச் சொல்லாது

எக்ஸ்டெக் என்ற மாடலைத் தவிர்த்த ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டிகளில் இருப்பது முள் மீட்டர். முன்சக்கர ஹப்பில் ஒரு சின்ன பினியன், அதிலிருந்து மேலே போகும் ஒரு கேபிள், அவ்வளவுதான். கேபிள் அறுந்தால் முள்ளும் நிற்கும், கிலோமீட்டரும் நிற்கும். மாற்ற ஆகும் செலவு சொற்பம். ஆனாலும் பலர் மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். விற்பதற்கு முந்தைய வாரம் புது கேபிள் ஏறும். விற்பவர் பொய் சொல்லவே இல்லை, மீட்டரும் திருத்தப்படவில்லை, ஆனால் அதில் இருக்கும் எண் தப்பு. முழு மீட்டரையே மாற்றுவதும் நடக்கிறது. ஐந்து இலக்க மீட்டர் என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணும். எக்ஸ்டெக்கின் டிஜிட்டல் மீட்டரும் கழற்றி மாட்டக்கூடியதுதான்.

கணக்கு எளிது. வேலைக்குப் போய்வரும் வண்டி தினம் 20 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 6,000 கிலோமீட்டர். எட்டு வருட வண்டி என்றால் 48,000. அதில் 18,000 என்று காட்டினால் உடனே பொய் என்று முடிவு கட்ட வேண்டாம்; ரிட்டயர் ஆனவர் காய்கறி வாங்க மட்டும் எடுத்த வண்டியாகவும் இருக்கலாம். எது என்பதை வண்டியின் மற்ற பாகங்கள் சொல்லும்.

டயரிலிருந்து தொடங்குங்கள். பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 3519 என்றால் 2019-ஆம் வருடம் 35-ஆவது வாரம் தயாரான டயர். 2016 மாடல் வண்டி, மீட்டரில் 14,000, பின் டயரில் 3519 என்றால் கேள்வி எழுகிறது. இந்த எடை வண்டியில் ஒரு பின் டயர் 20,000 கிலோமீட்டருக்கு மேல் தாராளமாக உழைக்கும். 14,000 ஓடிய வண்டிக்கு ஏன் டயர் மாற்ற வேண்டும்? வெயிலில் நின்று வெடித்தது, ஆணி கிழித்தது என்று நியாயமான பதிலும் இருக்கலாம். ஆனால் முன் டயரும் புதிது, பின் டயரும் புதிது என்றால் மீட்டரை மறந்துவிடுங்கள்.

அடுத்து கால் படும் இடங்கள். பிரேக் பெடலின் மேல்பரப்பு, கிக்கர் ரப்பர், கியர் லீவரின் முன்முனை, ஃபுட்ரெஸ்ட் ரப்பர். 15,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் கோடுகள் தெளிவாக இருக்கும். கியர் லீவர் ரப்பர் மழுங்கி உள்ளே இரும்பு தெரிகிறது என்றால் அது அரை லட்சத்தை நெருங்கிய வண்டி. விற்பவர்கள் கிரிப்பையும் சீட் கவரையும் மாற்றுவார்கள், ஃபுட்ரெஸ்ட் ரப்பரையும் மாற்றலாம். ஆனால் பிரேக் பெடல் இரும்பின் தேய்மானத்தை யாரும் சரிசெய்வதில்லை. எல்லா ரப்பரும் ஒரே நேரத்தில் பளபளவென்று புதிதாக இருப்பதும் ஒரு செய்திதான்.

பின்சக்கரத்துக்கு வாருங்கள். பிரேக் பிளேட்டில், லீவர் மாட்டியிருக்கும் இடத்தில் ஒரு சிறு அம்புக்குறியும், பிளேட்டின் மேல் ஓர் அடையாளமும் இருக்கும். பிரேக்கை முழுதாக மிதித்தபோது அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டால் ஷூ தீர்ந்துவிட்டது என்று பொருள். ஷூ மாற்றுவது சின்ன வேலை. டிரம்மின் உள்பக்கம் விளிம்பில் நகத்தால் தடவினால் படிக்கட்டு போல மேடு தட்டுகிறதா என்பதுதான் முக்கியம். ஷூ பல முறை மாறிய வண்டியில் அந்த மேடு இருக்கும். இதைப் பார்க்கச் சக்கரம் கழற்ற வேண்டும், விற்பவர் சம்மதிக்க மாட்டார். அதற்குப் பதிலாகச் செயின் அட்ஜஸ்டரைப் பாருங்கள். ஸ்விங் ஆர்மில் கோடுகள் போட்டிருக்கும். ஆக்ஸில் கடைசிக் கோட்டுக்கு அருகில் வந்துவிட்டால் செயின் நீண்டு முடிந்துவிட்டது. முழு கவர் உள்ள ஸ்பிளெண்டரில் செயின் நன்றாக உழைக்கும். 12,000 ஓடிய வண்டியில் செயின் முடிந்திருக்க நியாயமே இல்லை.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் தொடர்ந்து விட்ட வண்டி என்றால், வண்டி நம்பரை வைத்து ஒவ்வொரு சர்வீஸின்போதும் பதிவான கிலோமீட்டரை அவர்கள் கணினியில் பார்க்க முடியும். உரிமையாளரை உடன் அழைத்துப் போய்க் கேளுங்கள். 2019-ல் 31,000 என்று பதிவான வண்டி இன்றைக்கு 26,000 காட்டினால் பேச்சு அங்கேயே முடிந்தது.

இன்ஜினைப் பார்க்கும் முறை

வண்டி பார்க்க வருவதாக நேரம் சொல்லி, அரை மணி முன்னதாகப் போய் நில்லுங்கள். போனதும் கையை சிலிண்டர் ஃபின் மேல் வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறும் வரை காத்திருங்கள், அல்லது மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் மறைக்காததையெல்லாம் சூடான இன்ஜின் மறைத்துவிடும்.

சாவியை ஆஃப் செய்த நிலையில் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் இறுகி நிற்க வேண்டும். நிற்காமல் வழவழவென்று இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை: ரிங் போயிருக்கும், அல்லது வால்வு உட்காரவில்லை. பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சைலன்சரைப் பார்த்து ஒருவர் நிற்க வேண்டும். ஸ்டார்ட் ஆனவுடன் நீலப்புகை வந்து ஒரு நிமிடத்தில் நின்றால் வால்வு சீல். ஓடும்போது ஆக்ஸிலரேட்டர் திருகத் திருக நீலப்புகை வந்தால் ரிங்கும் பிஸ்டனும். மெக்கானிக் மொழியில் சொன்னால் வண்டி ஆயில் அடிக்கிறது. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடும் வேலை) செலவை விலையில் கழிக்க வேண்டும். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவதைக் காட்டுகிறது. அது கார்புரேட்டர் வேலை, பயப்பட வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் துணியால் சைலன்சர் முனையின் உள்பக்கம் துடைத்துப் பாருங்கள். உலர்ந்த கரி என்றால் பரவாயில்லை. பிசுபிசுப்பு ஒட்டினால் ஆயில்.

சத்தத்தில் மூன்றைப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். ஹெட்டிலிருந்து சீராக வரும் 'டிக் டிக்', வால்வைத் தள்ளும் டேப்பட். இடதுபக்கம் மேக்னட் ஓரமாகக் 'கரகர' என்று ஐடிலில் கேட்டு, ரேஸ் செய்தால் குறைவது டைமிங் செயின். இந்த இன்ஜினின் நிரந்தர நோய் இது. செயினும் டென்ஷனர் ரப்பர்களும் மாற்றினால் தீரும். மூன்றாவதுதான் ஆபத்தானது. நான்காவது கியரில் 30-ல் போய்க்கொண்டு ஆக்ஸிலரேட்டரைத் திடீரெனத் திருகும்போது அடியிலிருந்து 'டொக் டொக்' என்று அடித்தால் கிராங்க் பேரிங். கிராங்க் வேலை வந்த வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

டேப்பட் பற்றி ஒரு வார்த்தை. சத்தமே வராத இன்ஜின்தான் நல்ல இன்ஜின் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் விற்பதற்கு முன் டேப்பட்டை இறுக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. இடைவெளி இல்லாமல் இறுகிய வால்வு, இன்ஜின் சூடானதும் முழுதாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், சூட்டில் நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது, நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். லேசான டேப்பட் சத்தம் இருக்கும் வண்டி அதைவிட எவ்வளவோ மேல். இருபது நிமிடம் ஓட்டி, சூடான வண்டியை நிறுத்தி, உடனே ஒரே உதையில் எடுத்துப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது.

ஆயில் ஸ்டிக்கைத் திருகி எடுங்கள், துடையுங்கள், மரையில் திருகாமல் அப்படியே உள்ளே வைத்து எடுத்து அளவு பாருங்கள். கறுப்பாக இருப்பது தப்பில்லை. விரலில் தேய்த்து வெயிலில் காட்டும்போது பொடிப்பொடியாக மின்னினால் உள்ளே உலோகம் தேய்கிறது. ஆயில் பசைபோல் கெட்டியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இந்த வண்டிக்குப் பரிந்துரைக்கப்படுவது 10டபிள்யூ-30. சத்தத்தையும் புகையையும் ஒரு வாரத்துக்கு அடக்க அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுவது பழைய தந்திரம்.

இன்ஜின் பிரிக்கப்பட்டதா என்பது சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் தெரியும். கேஸ்கெட் ஓரத்தில் சிவப்பு சிலிகான் பேஸ்ட் பிதுங்கியிருக்கும். வலதுபக்கக் கிளட்ச் கவரின் போல்ட் தலைகள் மழுங்கியிருக்கும், அல்லது நான்கு போல்ட் ஒரு நிறமும் மற்றவை வேறு நிறமுமாக இருக்கும். பிரித்ததே குற்றம் இல்லை. எதற்குப் பிரித்தார்கள், என்ன போட்டார்கள், பில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பில்லோடு கூடிய ஒரிஜினல் பிஸ்டன் கிட் போட்ட இன்ஜின், பிரிக்காமல் ஆயில் அடிக்கும் இன்ஜினைவிட நல்லது.

கிளட்ச்சைச் சோதிக்க மேம்பாலம் ஏறுங்கள். மூன்றாவது கியரில் முறுக்கும்போது இன்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறாமல் இருந்தால் பிளேட் வழுக்குகிறது. மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின்பக்கத்தை ஒருவர் அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கியதும், ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'கடக்' என்று உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் பேரிங்) போய்விட்டது. ஃபோர்க்கில் ஆயில் வழிந்த தடம், பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது தெரியும் ஸ்விங் ஆர்ம் புஷ் ஆட்டம், இரண்டும் பேரத்தில் விலை குறைக்கப் பயன்படும். வண்டியை ஒதுக்கும் அளவுக்குப் பெரியவை அல்ல.

சென்னையில் வாங்குகிறவர்களும், தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் வாங்குகிறவர்களும் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஹெட்லைட் கண்ணாடிக்குள் தண்ணீர்க் கோடு, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் வண்டல், சீட்டுக்கு அடியில் ஒயர் கனெக்டருக்குள் பச்சை பிடித்த முனைகள் இருக்கிறதா என்று பாருங்கள். கழுவிப் பாலிஷ் போடுகிறவர்கள் இந்த மூன்று இடத்தையும் தொடுவதில்லை. கடற்கரை ஊர் வண்டி என்றால் டேங்குக்கு அடியில் சேஸையும், சைலன்சரின் அடிப்பக்க வெல்டிங்கையும் விரலால் தட்டிப் பாருங்கள்.

மைலேஜ்: எவ்வளவு, எப்படி அளப்பது

விளம்பரத்தில் வரும் எண் சோதனைக்கூடத்தில் எடுத்தது. ஒழுங்காகப் பராமரித்த ஸ்பிளெண்டர் பிளஸ், சென்னை, கோவை மாதிரி நெரிசலில் 50 முதல் 55 தரும். சிறு ஊர்களில், 45, 50 வேகத்தில், 60 முதல் 65. யாராவது 80 என்றால் அவர் அளந்தவிதம் தப்பு.

ஒரு லிட்டர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி நிற்கும்வரை ஓட்டும் சோதனையை நம்பாதீர்கள். கார்புரேட்டர் கிண்ணத்திலும் டியூபிலும் டேங்கின் அடியிலும் ஏற்கெனவே இருந்தது எவ்வளவு என்று தெரியாது. 100 மில்லி கூடக் குறைய இருந்தால் பத்து சதவீதம் போச்சு.

டேங்க் டு டேங்க் முறைதான் சரி. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், வண்டி மெயின் ஸ்டாண்டில், நாசில் தானாகக் கட் ஆகும்வரை மட்டும். மீட்டரில் 24,310 என்று குறித்துக்கொள்கிறீர்கள். அடுத்து 24,502-ல் நிரப்பும்போது 3.1 லிட்டர் பிடித்தது. 192-ஐ 3.1-ஆல் வகுத்தால் 61.9. ஆனால் இந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நிரப்பிய மட்டத்தில் 200 மில்லி வித்தியாசம் சர்வசாதாரணம். அது 2.9 ஆக இருந்தால் 66, 3.3 ஆக இருந்தால் 58. அதே 200 மில்லி பிழை 8 லிட்டர் நிரப்பும்போது இரண்டரை சதவீதம்தான். அதனால் 450, 500 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு கணக்குப் போடுங்கள். இரண்டு மூன்று நிரப்பல்களைச் சேர்த்துக் கூட்டி வகுத்தாலும் சரி.

கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு வழி உண்டு. பெட்ரோல் டேப் ஆன்-ல் இருக்கும்போது வண்டி இழுத்து நிற்கும் கணத்தில் மீட்டரைக் குறித்து, ரிசர்வுக்குத் திருப்பி, பங்கில் சரியாக 5 லிட்டர் போட்டு, டேப்பை மறுபடி ஆன்-க்குக் கொண்டுவந்து, அடுத்த முறை இழுத்து நிற்கும்வரை ஓட்டுவது. பங்கு வரைக்கும் ரிசர்வில் எரிந்தது கணக்கைக் கொஞ்சம் மாற்றும், அதனால் பங்குக்குப் பக்கத்தில் இதைச் செய்வது நல்லது.

இதற்கெல்லாம் முன்னால் மீட்டரே சரியா என்று பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து 10 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மீட்டர் 10.5 காட்டினால், நீங்கள் 60 என்று நினைப்பது உண்மையில் 57.

மைலேஜ் குறைந்தால் உடனே கார்புரேட்டரைத் திருகுவது தவறான வரிசை. முதலில் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். மெயின் ஸ்டாண்டில், நியூட்ரலில், பின்சக்கரத்தைக் கையால் தள்ளினால் சில சுற்றாவது தடையின்றிச் சுற்ற வேண்டும். தேய்த்துக்கொண்டு நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. பெடலில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஃப்ரீ பிளே வைக்க ஒரு நட்டைத் திருகினால் போதும், காசே ஆகாது. அடுத்தது காற்று, செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு, வாரம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது. மூன்றாவது செயின், கவரில் உள்ள ரப்பர் மூடியை எடுத்துவிட்டு விரலால் தூக்கினால் மேலும் கீழுமாகச் சுமார் 25 மி.மீ. ஆட வேண்டும். இறுகின செயின் மைலேஜையும் தின்னும், பேரிங்கையும் தின்னும். பிறகுதான் ஏர் ஃபில்டர். இதிலிருப்பது எண்ணெய்ப் பதமுள்ள பேப்பர் ஃபில்டர். காற்றடித்துச் சுத்தம் செய்தால் அந்த எண்ணெய்ப் படலம் போய் தூசி உள்ளே இறங்கும், ரிங் தேயும். சுமார் 15,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். செம்மண் சாலையிலும் குவாரிப் பக்கமும் ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்பே.

இவ்வளவும் சரியாக இருந்து மைலேஜ் வராவிட்டால்தான் கார்புரேட்டர். ஓவர்ஃப்ளோ டியூபில் சொட்டு விழுந்தால் ஃப்ளோட் நீடில் போய்விட்டது. பல ஆண்டு ஓடிய வண்டியில் ஜெட் நீடிலும் அது உட்காரும் துளையும் தேய்ந்து பெட்ரோல் கூடுதலாகப் போகும். எவ்வளவு டியூன் செய்தாலும் நிற்காது, செட்டாக மாற்றத்தான் வேண்டும். சோக் பாதி இழுபட்ட நிலையில் சிக்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு அளவு செய்த இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் இழப்பு இருக்கும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணக்கிட்டது. 62 தந்த வண்டி 60 தருவதில் வண்டியின் தப்பு எதுவும் இல்லை. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் டியூப், ஓ-ரிங் போன்ற ரப்பர் பாகங்கள் ஊறிப் பிளக்கின்றன. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்திக் காலி செய்துவிடுங்கள்.

மைலேஜுக்காக எவ்வளவு கூடக் கொடுக்கலாம் என்பதையும் பணமாகப் பார்க்க வேண்டும். மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 60 தரும் வண்டிக்கு 1,667 ரூபாய், 55 தரும் வண்டிக்கு 1,818 ரூபாய். வித்தியாசம் மாதம் 150 ரூபாய். "அஞ்சு கிலோமீட்டர் அதிகம் தரும்" என்பதற்காகப் பத்தாயிரம் கூடக் கொடுத்தால் அதை எடுக்க ஐந்தரை வருடம் ஆகும். அந்தப் பத்தாயிரத்தை, சத்தமில்லாத கிராங்க், ஆட்டமில்லாத சேஸ் உள்ள வண்டிக்குக் கொடுங்கள்.

பிஎஸ்-6 வாங்குகிறவர்களுக்கு

சாவி போட்டதும் மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் சென்சாரில் கோளாறு. சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம், அதுதான் மோசம். பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலிலேயே குளிர்ந்து ஓடுகிறது. 9.8 லிட்டர் டேங்கை எப்போதும் அடிமட்டத்திலேயே ஓட்டிய வண்டியில் பம்ப் சீக்கிரம் தளரும். ஐ-த்ரீ-எஸ் வசதி உள்ள மாடலில், நியூட்ரலில் ஐந்து விநாடி நின்றால் இன்ஜின் தானாக அணைந்து, கிளட்ச் பிடித்ததும் உயிர்பெற வேண்டும். நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் பேட்டரிதான். 3 ஏஎச் பேட்டரி சிறியது. அதற்குமேல் கலர் லைட்டும் பெரிய ஹாரனும் மாட்டிய வண்டியில் ஒயரிங்கை வெட்டி ஒட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது.

வாங்கிய வாரம்

விற்றவர் "இப்பதான் சர்வீஸ் பண்ணேன்" என்றாலும் ஆயிலை மாற்றுங்கள். ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும். ஊற்றி, ஸ்டிக்கில் பார்த்து நிறுத்துங்கள். இந்த இன்ஜினில் பேப்பர் ஆயில் ஃபில்டர் கிடையாது. வலதுபக்கக் கவருக்குள் ஒரு வலையும், சுழன்று அழுக்கைச் சேர்க்கும் ஒரு கிண்ணமும்தான் இருக்கின்றன. பல வண்டிகளில் அதை யாருமே திறந்திருக்க மாட்டார்கள். கவரைக் கழற்றி இரண்டையும் பெட்ரோலில் கழுவி, புது கேஸ்கெட் போட்டு மூடச் சொல்லுங்கள். அதில் சேர்ந்திருக்கும் சேறு, முந்தைய உரிமையாளர் ஆயில் மாற்றிய லட்சணத்தைக் காட்டிவிடும். ஏர் ஃபில்டர், பிளக், இரண்டு பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள் ஆகியவற்றை ஒரே மூச்சில் மாற்றிவிட்டால் அதிலிருந்து உங்கள் கணக்கு சுத்தமாகத் தொடங்கும். செயின் மாற்றினால் முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதுவும் நீண்டுவிடும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எல்லா ஸ்பேரும் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய டேங்க், பக்க கவர் வாங்கலாம். பிரேக் ஷூ, பேரிங் போன்றவற்றை அங்கே பழையதாக வாங்கவே கூடாது.

பேப்பர்

எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவான தேதி, ஆர்சி காலாவதி, இன்சூரன்ஸ், கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். ஹேண்டில் கழுத்தில் குத்தியிருக்கும் சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்சியோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். நிலுவையில் உள்ள இ-சலானையும் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடுங்கள். பணம் கைமாறும் முன் அதை விற்பவர்தான் கட்ட வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்ஓசி) படிவம் 35-ம் கையில் இல்லாமல் அட்வான்ஸ் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும்.

15 வருடம் முடிந்த வண்டியை ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 1,000 ரூபாய்; 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆனது. பசுமை வரியும், எஃப்சிக்கு வண்டியைத் தயார் செய்யும் செலவும் தனி. 2010, 2011 மாடல் மலிவாகக் கிடைக்கும்போது இந்தத் தொகையையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

2018 செப்டம்பருக்குப் பிறகு விற்ற புது வண்டிகளுக்கு ஐந்து வருட மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் கட்டாயமானது. அதனால் 2022, 2023 மாடலில் அது இன்னும் மிச்சமிருக்கலாம். ஆனால் அது பழைய உரிமையாளர் பெயரில் இருக்கும். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். பெயர் மாற்றம் முடியாத ஆர்சியுடன் விபத்து நடந்தால் வழக்கு பழைய உரிமையாளர் வீட்டுக்கும் போகும். ஆகவே விற்பவரும் "பார்ட்டி மாத்திக்குவாங்க" என்று விட்டுவிடாமல், ஆர்டிஓ ரசீது கைக்கு வரும்வரை கூடவே இருந்து முடிக்க வேண்டும்.